புது அலாய் வீல் மாட்டியதும் ஸ்டியரிங் உதறல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய அலாய் வீலும் புது டயரும் போட்டாயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 80 கி.மீ. தாண்டியதும் ஸ்டியரிங் கைக்குள் உதறுகிறது. பேலன்சிங் (வீலின் எடையைச் சுற்றிலும் சமன்படுத்துவது) இரண்டு தரம் செய்தும் அப்படியேதான். மூன்றாம் தரம் மெஷினில் ஏற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பேலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டுகிறது. பிறகும் ஏன் உதறுகிறது?

மெஷின் பொய் சொல்லவில்லை. அது தன் தண்டை மையமாக வைத்துப் பூஜ்யம் என்கிறது. வண்டியில் வீல் சுற்றுவதோ ஹப்பை, அதாவது வீல் மாட்டப்படும் நடுப்பாகத்தை, மையமாக வைத்து. இரண்டு மையமும் ஒன்றாக அமைந்தால்தான் மெஷினில் கிடைத்த பூஜ்யம் ரோட்டிலும் பூஜ்யம். கம்பெனி வீலின் நடு ஓட்டை ஹப்பின் விளிம்பில் கச்சிதமாக ஏறி உட்காரும். பல வண்டிகளுக்கும் பொதுவாகச் செய்யப்படும் வெளி வீல்களில் அந்த ஓட்டை பெரிது. வீல் எங்கே உட்கார வேண்டும் என்பதை அங்கே நட்டும், மாட்டுகிறவரின் கையும் தீர்மானிக்கின்றன.

சின்ன விலகல் எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீலும் டயரும் சேர்ந்து 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 20,000 கிராம் × 0.5 மி.மீ. = 10,000. பேலன்சிங்குக்காக ரிம்மில் வெயிட் ஒட்டும் இடம் மையத்திலிருந்து 200 மி.மீ. தூரம் என்றால், இதை 200-ஆல் வகுக்க 50 கிராம் வருகிறது. அதாவது 50 கிராம் வெயிட் ஒன்று கழன்று விழுந்ததும் இதுவும் ஒன்றுதான். பேலன்சிங் செய்பவர் 5 கிராமுக்கு மெனக்கெட்டதெல்லாம் வீண்.

அதோடும் முடியவில்லை. வீல் தள்ளி உட்கார்ந்தால் டயரின் வட்டமும் தள்ளிப்போகிறது. கார் டயர் ஒரு ஸ்பிரிங் மாதிரி. ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறக்குறைய 200 நியூட்டன் விசை வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகல் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை 100 நியூட்டன் கூடுதலாகவும் ஒருமுறை 100 நியூட்டன் குறைவாகவும் தரையை உதைக்கும். இதை எந்த வெயிட் ஒட்டியும் சரிசெய்ய முடியாது.

உதறல் வரும் வேகத்தை வைத்துக் காரணத்தைச் சொல்லிவிடலாமா?

பாதி சொல்லலாம். 205/55 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.98 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுற்றும். பெரும்பாலான கார்களில் முன் வீலும் சஸ்பென்ஷனும் தாமாகவே ஆட விரும்பும் வேகமும் நொடிக்கு 10 முதல் 15 தடவைதான். ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் 80 முதல் 110 கி.மீ. வரை ஸ்டியரிங்கில் நடக்கிறது. எனவே இந்த வேகத்தில் உதறினால் பேலன்ஸ், மையம், வட்டம் இந்த மூன்றில் ஒன்று. 120-ல் அடங்கிவிட்டால் கோளாறு போய்விட்டதென்று எண்ண வேண்டாம். ஊஞ்சலின் தாளம் தப்பிவிட்டது, அவ்வளவுதான்.

20 முதல் 40 கி.மீ. வேகத்திலேயே ஸ்டியரிங் இடமும் வலமுமாக மெதுவாக அசைந்தால் பேலன்சிங்கைக் குறை சொல்லாதீர்கள். 30 கிராம் வெயிட் குறைவு 100 கி.மீ. வேகத்தில் சுமார் 46 நியூட்டன் விசை தரும், 50 கி.மீ.-ல் அதில் கால்பங்குதான், கைக்குத் தெரியவே தெரியாது. மெதுவான வேகத்தில் அசைவு என்றால் ரிம் நன்றாக வளைந்திருக்கிறது, அல்லது டயரின் பட்டைக்கு அடியிலுள்ள பெல்ட் அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது நட்டு லூஸ். மூன்றுமே வண்டியை ஓரம்கட்ட வேண்டிய விஷயங்கள்.

பிரேக் பிடித்தால் மட்டும் உதறல் என்றால் பிரேக் டிஸ்க். ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் போனால் டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட். வண்டி நிற்கும்போதே என்ஜின் சுழற்சியோடு கூடிக் குறைந்தால் என்ஜின் மவுண்டிங். வீல் மாற்றியதோடு அதற்குச் சம்பந்தமில்லை, இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருப்பீர்கள்.

ஸ்டியரிங் அமைதியாக இருக்கிறது, சீட்டும் தரையும்தான் அதிர்கின்றன. இது வேறா?

கோளாறு அதே வகைதான், இடம்தான் பின் வீல். ஸ்டியரிங் அதிர்ந்தால் முன்பக்கம், சீட் அதிர்ந்தால் பின்பக்கம் என்று தொடங்குங்கள்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

செலவில்லாததிலிருந்து. முதலில் நட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) பாருங்கள். பிறகு குளிர்ந்த டயரில் காற்று. புது டயரை ரிம்மில் உட்காரவைக்க 3 பார் வரை ஏற்றிவிட்டு, இறக்க மறந்து அனுப்பிவிடுவதுண்டு. கல்லாக இருக்கும் டயர் ரோட்டின் ஒவ்வொரு சிராய்ப்பையும் கைக்குக் கொண்டுவரும். ரிம்மின் உள்பக்கம் சேறு அப்பியிருக்கிறதா, ஒட்டிய வெயிட் இருக்கிறதா, அல்லது பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் காலிப்பருக்கும் ரிம்முக்கும் இடைவெளி குறைவான வீல்களில், ஒட்டிய வெயிட்டைக் காலிப்பர் முதல் சுற்றிலேயே வழித்துப் போட்டுவிடும். காலிப்பர் மேல் புதிதாக ஒரு பளபளப்புக் கீறல் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

இவை சரியென்றால் அடுத்தது தீர்ப்புச் சோதனை: பழைய வீல் நான்கையும் பழைய நட்டுகளோடு மாட்டி, அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். உதறல் போனால் புது வீல், புது டயர், அவற்றை மாட்டிய விதம் இந்த மூன்றுக்குள் தேடினால் போதும். போகவில்லை என்றால் வண்டியில் தேட வேண்டும். ஒரு மணி நேர வேலை. பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பழைய வீல் கையில் இல்லாதவர்கள் முன் வீலைப் பின்னாலும் பின் வீலை முன்னாலும் மாற்றிப் பார்ப்பார்கள். ஸ்டியரிங் அதிர்வு சீட்டுக்குப் போனால் அந்த இரண்டு வீல்களில்தான் கோளாறு. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நான்கு வீலுமே ஹப் ரிங் (அடுத்த கேள்வியில் வரும் வளையம்) இல்லாமல் மாட்டப்பட்டிருந்தால் எதை எங்கே மாற்றினாலும் ஸ்டியரிங் உதறிக்கொண்டேதான் இருக்கும். ‘வீலில் கோளாறில்லை’ என்று தவறாக முடிவுகட்டிவிடுவீர்கள். டயர் ஒரே திசையில் மட்டும் சுற்ற வேண்டியது என்றால், அம்புக்குறி பார்த்து அந்தந்தப் பக்கத்துக்குள்ளேயே மாற்றுங்கள்.

ஹப் ரிங் என்றால் என்ன? என் வண்டிக்கு வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹப்பின் நடுவே துருத்தி நிற்கும் வட்ட விளிம்புக்கும் வீலின் நடு ஓட்டைக்கும் இடையிலுள்ள சந்தை நிரப்பும் வளையம் அது. பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ வரும். உள்விட்டம் ஹப்புக்கு, வெளிவிட்டம் வீலுக்கு. வெளி வீல்களில் 73.1 மி.மீ., 67.1 மி.மீ. ஓட்டை அதிகம். ஹப் அளவோ கம்பெனிக்குக் கம்பெனி வேறு: டொயோட்டா, சுசுகியின் பல சிறிய கார்களில் 54.1, ஹோண்டாவில் 56.1 அல்லது 64.1, ஃபோக்ஸ்வாகனில் 57.1, ஃபோர்டின் பல கார்களில் 63.4, ஹூண்டாய், கியாவின் பல கார்களில் 67.1. ஒரே கம்பெனிக்குள்ளும் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே பட்டியலை நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். ஹப்பில் துருவைச் சுரண்டிவிட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்.

சரியான வளையம் கையால் அழுத்தினால் வீலுக்குள் இறுக்கமாக ஏறும், ஹப்பில் இலேசாக வழுக்கிக்கொண்டு உட்காரும். லொடலொடவென்று ஆடினால் அது வேறு அளவு. சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தாலும் வேறு அளவுதான். வளையத்துக்குள் இன்னொரு வளையம் போட்டு அளவைச் சரிக்கட்டுவதும் வேண்டாம். இரண்டின் தளர்ச்சியும் கூடி, போட்டதன் பயனே போய்விடும்.

பலர் கவனிக்காத ஒன்று: வளையம் வீலின் மாட்டும் முகத்தைவிட வெளியே துருத்தக் கூடாது. அரை மில்லிமீட்டர் துருத்தினாலும் வீல் ஹப்பின் முகத்தில் படியாமல் வளையத்தின் மேல் நிற்கும். நட்டு இறுகியது போலத் தோன்றும். ஓடஓட வளையம் நசுங்கி நட்டு லூசாகும். வீலைத் தரையில் குப்புறப் போட்டு, வளையத்தைப் பொருத்தி, ஒரு நேரான ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக்கா அலுமினியமா? மலைப்பாதையில் பிரேக்கை நிறையப் பயன்படுத்துகிறவர்களுக்கு அலுமினியம். மற்றவர்களுக்கு நல்ல பிளாஸ்டிக் போதும்; துருவேறிய ஹப்பில் அது ஒட்டிக்கொள்ளாது என்ற வசதியும் உண்டு.

கோன் நட்டு (கூம்பு முகமுள்ள நட்டு) வீலைத் தானாகவே மையத்துக்குக் கொண்டுவரும் என்கிறார்கள். பிறகு ஹப் ரிங் எதற்கு?

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 60 டிகிரி கோன் நட்டு நான்கையும், வீல் அந்தரத்தில் தொங்கும்போது, கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக்கொண்டு வந்தால் வீல் நன்றாகவே மையத்தில் நிற்கும். வளையம் எடையைத் தாங்குவதும் இல்லை. எடையைத் தாங்குவது நட்டின் பிடியால் ஹப் முகத்துக்கும் வீல் முகத்துக்கும் இடையே உண்டாகும் உராய்வு. வளையத்தின் வேலை இறுக்கி முடியும்வரை வீலை நடுவில் பிடித்துவைப்பது மட்டும்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? ஜாக்கியை இறக்கிவிட்டு, வீலின் மேல் வண்டியின் எடை ஏறியபின், ஏர் கன்னால் ஒரு நட்டை முழுக்க அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். முதல் நட்டு வீலை எங்கே பிடித்ததோ அங்கேயே அது நின்றுவிடும். மற்ற நட்டுகள் அதை இழுத்துக்கொண்டுவர முடியாது. இந்த அவசரத்திலிருந்து காப்பாற்றுவதற்குத்தான் வளையம்.

பழைய நட்டையே புது வீலுக்குப் போட்டேன். தவறா?

பெரும்பாலும் தவறுதான். நட்டு வீலைத் தொடும் முகம் மூன்று வகை: கூம்பு, உருண்டை, தட்டை. வெளி அலாய் வீல்களில் 60 டிகிரி கூம்புக்குழிதான் பெரும்பான்மை. ஹோண்டாவும் ஃபோக்ஸ்வாகனும் உருண்டை முகம் தருகின்றன. டொயோட்டாவின் பல அலாய் வீல்களுக்கு வாஷரோடு கூடிய தட்டை நட்டு. உருண்டை நட்டைக் கூம்புக்குழியில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ சொல்லும், 100 கி.மீ. ஓடியதும் அந்தக் கோடு அமுங்கி, பிடி தளர்ந்துவிடும். தட்டை நட்டு கூம்புக்குழியில் வீலை மையப்படுத்தவே செய்யாது.

நட்டைக் கழற்றிக் குழியைப் பாருங்கள். குழி முழுக்கச் சீராகத் தேய்ந்த வளையத்தடம் இருந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடு, அல்லது ஒரு பக்கம் ஆழமாக அமுங்கி மறுபக்கம் பெயிண்ட் கலையாமல் இருந்தால் நட்டு பொருந்தவில்லை, அல்லது வீல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மறுவர்ணம் பூசிய வீல்களில் குழிக்குள்ளும் மாட்டும் முகத்திலும் தடிமனாகப் பவுடர் கோட்டிங் ஏறியிருக்கும். அது அமுங்கி உதிர உதிர இறுக்கம் குறையும். அந்த இரண்டு இடத்திலும் கோட்டிங்கே இருக்கக் கூடாது.

மரையும் பாருங்கள். எம்12 × 1.5, எம்12 × 1.25 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், மேலே வற்புறுத்தினால் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டி நிற்கும், நட்டு ஏறும் போல்ட்) போச்சு. ஸ்டட்டின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நட்டு ஏறியிருக்க வேண்டும். எம்12 × 1.5-க்கு அது 8 முழுச் சுற்று; எம்12 × 1.25-க்குப் 10, எம்14 × 1.5-க்குப் 9-க்குக் கொஞ்சம் மேல். கையால் சுற்றும்போது எண்ணிக்கொள்ளுங்கள்.

4×98 வீல் 4×100 வண்டியில் ஏறுகிறதே, போடலாமா?

கூடாது. 4 என்பது ஸ்டட் எண்ணிக்கை; 98, 100 என்பது ஸ்டட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் மி.மீ.-ல், அதாவது பிசிடி. ஏறும், அதுதான் ஆபத்தே. விட்டம் 2 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒவ்வொரு ஸ்டட்டும் குழியின் நடுவிலிருந்து 1 மி.மீ. தள்ளி நிற்கிறது. நட்டு சாய்ந்து உட்காரும், ஸ்டட் வளைந்து வளைந்து களைத்து ஒரு நாள் முறியும். 5×112, 5×114.3 குழப்பமும் இதே கதை. பிசிடி தவறென்று தெரிந்தால் உதறலுக்கு மருந்து தேட வேண்டாம், வீலையே மாற்றுங்கள்.

சரி, முறையாக மாட்டுவது எப்படி?

ஹப்பின் முகத்தையும் நடு விளிம்பையும் கம்பி பிரஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள். டிஸ்க்கைப் பிடித்துவைக்கக் கம்பெனியில் ஸ்டட்டில் செருகிய மெல்லிய தகட்டு வளையம் ஏதாவது இருந்தால் கழற்றிவிடுங்கள். கம்பெனி வீலின் பின்புறம் அதற்கென்று பள்ளம் இருந்திருக்கும். வெளி வீலில் இருக்காது, வீல் அதன் மேல் ஏறிக் கோணலாக நிற்கும். வெளியே துருத்தும் டிஸ்க் ஸ்க்ரூ தலையும் அப்படித்தான். ஹப் விளிம்பின் அடியில் சின்ன வளைவு இருக்கும் வண்டிகளில், வீல் ஓட்டையின் ஓரம் சீவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீலை நட்டில்லாமல் வெறுமனே ஹப்பில் ஏற்றிக் கையால் அழுத்தி அசைத்துப் பாருங்கள். டப்பென்று முகம் முகத்தோடு படிய வேண்டும். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பினால் உள்ளே ஏதோ தடுக்கிறது. இந்த ஒரு அசைவு பல மணி நேரத் தேடலைத் தவிர்க்கும்.

பிறகு எல்லா நட்டையும் கையால் சுற்றுங்கள். வீல் அந்தரத்தில் இருக்கும்போதே, வீலை மெல்லச் சுழற்றிக்கொண்டு, சின்ன ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் இலேசாக இறுக்குங்கள்: ஐந்து நட்டு என்றால் 1, 3, 5, 2, 4, நான்கு என்றால் எதிரெதிர். இன்னொரு சுற்று, இன்னும் கொஞ்சம். டயர் தரையைத் தொட்டு வீல் சுற்றாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் ஜாக்கியை இறக்கி, டார்க் ரெஞ்சால் முடியுங்கள். எம்12-க்கு 80 முதல் 110 நியூட்டன் மீட்டர், எம்14-க்கு அதைவிட அதிகம் என்பது பொதுவான எல்லை. உங்கள் வண்டியின் புத்தகத்தில் உள்ள எண்தான் இறுதி. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். வழுக்கும் மரையில் அதே டார்க் ஸ்டட்டை மிக அதிகமாக இழுத்துவிடும்.

80 முதல் 150 கி.மீ. ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்ப்பது அலாய் வீலுக்குக் கட்டாயம்.

பேலன்சிங் செய்யுமிடத்தில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

வீல் மெஷினில் எப்படி மையப்படுத்தப்படுகிறது என்பதை. மெஷினின் தண்டில் வீலை நடுவில் பிடிக்கும் கோன் என்ற கூம்பு, வீலின் பின்பக்கத்திலிருந்து, அதாவது ஹப்பில் படியும் பக்கத்திலிருந்து, ஓட்டைக்குள் போக வேண்டும். அந்தப் பக்கம்தான் துல்லியமாகக் கடையப்பட்டது. மூடி போடும் முன்பக்க ஓரம் பல வீல்களில் வெறும் வார்ப்பு. அதில் கோனை வைத்தால் மெஷினே தப்பான மையத்தில் அளக்கும். ஹப் ரிங்கைக் கழற்றிவிட்டு வீலின் ஓட்டையிலேயே கோன் உட்கார வேண்டும்.

பழைய வெயிட் ஒன்றுகூட இல்லாமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். வெயிட்டுக்கு எதிரே வெயிட் ஒட்டிக் கணக்கை நேர் செய்வது சோம்பேறி வேலை. ஒட்டும் இடத்தைத் துடைக்காமல் ஒட்டினால் அடுத்த மழையில் காணாமல் போகும். உள் வெயிட் ஸ்போக்குக்குப் பின்னால் மறைத்து ஒட்டப்படுகிறது என்றால், ஒட்டும் தூரத்தை மெஷினில் சரியாகப் பதிவுசெய்கிறாரா என்றும் பாருங்கள்.

பூஜ்யம் வந்ததும் ஒரு கோரிக்கை வையுங்கள்: வீலை மெஷினின் தண்டில் தளர்த்தி, அரைச் சுற்று, அதாவது 180 டிகிரி திருப்பி, மறுபடி இறுக்கிச் சுழற்றச் சொல்லுங்கள். 5 கிராமுக்குள் நின்றால் அளவு நம்பத்தக்கது. 10 கிராமுக்கு மேல் புதிதாகக் கேட்டால் மையப்படுத்தியது தவறு, முதலில் காட்டிய பூஜ்யமும் செல்லாது. இதைச் செய்ய முகம் சுளிக்கும் இடத்தில் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

ஒரே வீலுக்கு 100 கிராமுக்கு மேல் கேட்டால் வெயிட்டை அடுக்காமல் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். டயரின் கனமான இடமும் ரிம்மின் கனமான இடமும் ஒரே பக்கம் சேர்ந்திருக்கலாம்.

கோளாறு ரிம்மிலா, டயரிலா, ஹப்பிலா என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க முடியுமா?

முடியும். வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, ஒரு கம்பியையோ ஸ்க்ரூடிரைவரையோ அசையாதபடி தரையில் வைத்து, அதன் முனையை டயரின் நடுப் பட்டைக்கு ஒட்டாமல் பக்கத்தில் நிறுத்துங்கள். வீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, முனைக்கும் டயருக்கும் இடையிலான சந்து எங்கே குறைகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். டயல் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. டயரில் மேலும் கீழுமாக 1.5 மி.மீ.-க்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் தொல்லை. அடுத்து ரிம்மின் ஓரத்தில் அதே சோதனை. அலாய் ரிம்மில் 0.8 மி.மீ. தாண்டினால் சந்தேகம்.

ரிம் நேராக ஓடி, டயர் மட்டும் ஏறி இறங்கினால் டயர் அல்லது அது ரிம்மில் உட்கார்ந்த விதம். ரிம்மும் சேர்ந்தே ஏறி இறங்கினால், வீலைக் கழற்றி இரண்டு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். உயர்ந்த இடம் வீலோடு சேர்ந்து நகர்ந்தால் வீல் வளைந்தது. ஹப்போடு அதே இடத்தில் நின்றால் ஹப்பிலோ டிஸ்க் முகத்திலோ கோளாறு. ஒவ்வொரு தடவையும் வேறு இடம், வேறு அளவு என்று வந்தால் வீல் மையத்தில் உட்காரவில்லை: ஹப் ரிங், நட்டு, மாட்டும் முறை. கடைசியாகச் சொன்ன இதுதான் வெளி வீல்களில் அடிக்கடி கண்ணில் படுவது.

டயர் புதுசு. புது டயரில் கோளாறு இருக்குமா?

இருக்கும், ஆனால் பாதிக்குப் பாதி டயரின் குற்றமில்லை. பக்கச் சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். ரிம் ஓரத்திலிருந்து அந்தக் கோட்டின் தூரம் சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் அங்கே சரியாக ஏறவில்லை; காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தச் சோப்பு காய்வதற்குள் சடாரென்று பிரேக் பிடித்தாலும் வேகமெடுத்தாலும் டயர் ரிம்முக்குள் வழுக்கித் திரும்பிவிடும், பேலன்ஸ் கெடும். முதல் நாள் பொறுமையாக ஓட்டுங்கள். வால்வுக்கு நேரே டயரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்தால் வழுக்கியதா என்று மறுநாள் தெரியும்.

பக்கச் சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது பொதுவாக டயரின் இலேசான இடம். வால்வுக்கு நேரே வர வேண்டும். சிவப்புப் புள்ளி டயர் விறைப்பாக உதைக்கும் இடம். ரிம்மில் தாழ்ந்த இடத்துக்குக் குறி இருந்தால் அதற்கு நேரே. இரண்டும் இருந்தால் சிவப்புக்குத்தான் முதல் மரியாதை.

பல வாரம் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் டயர் தட்டையாகியிருக்கும். 15, 20 கி.மீ. ஓடிச் சூடானதும் உதறல் மறைந்தால் அதுதான் காரணம், விட்டுவிடலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால், உருளையால் டயரை அழுத்திக்கொண்டே சுழற்றிப் பார்க்கும் மெஷின் உள்ள இடத்துக்குப் போங்கள். சாதா மெஷின் எடையை மட்டும் அறியும். இது டயரின் விறைப்பு வேறுபாட்டையும் அளக்கும். கார் டயரில் 100 நியூட்டனைத் தாண்டினால் டயரை ரிம்மில் திருப்பி ஏற்றிப் பார்த்து, குறையாவிட்டால் டயரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

3 மி.மீ. ஸ்பேசர் போட்டிருக்கிறேன். அதனாலும் வருமா?

வரும். ஹப்புக்கும் வீலுக்கும் இடையே வைக்கும் தகடுதான் ஸ்பேசர். மெல்லிய ஸ்பேசர் ஹப் விளிம்பை விழுங்கிவிடும்; வீலின் ஓட்டை பிடித்துக்கொள்ள விளிம்பே மிச்சமிருக்காது. ஸ்டட்டில் நட்டு ஏறும் சுற்றும் குறையும். ஸ்பேசர் வேண்டியே ஆக வேண்டுமென்றால், தானே ஒரு விளிம்பு கொண்ட தடித்த ஸ்பேசரும் நீளமான ஸ்டட்டும்.

வீல் நேராக இருக்கிறது, மாட்டியதும் சரி. ஆனாலும் இலேசான உதறல் மிச்சமிருக்கிறதே?

ஆஃப்செட்டைப் பாருங்கள்: வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து மாட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற மி.மீ. அளவு, வீலில் இ.டி. என்று குறித்திருக்கும். கம்பெனி வீல் இ.டி. 45, புதியது இ.டி. 35 என்றால் டயரின் நடுப்பகுதி 10 மி.மீ. வெளியே போயிருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து டயர் தள்ளிப்போனதால், முன்பு கைக்கு எட்டாத சின்ன அதிர்வும் இப்போது நீளமான கைப்பிடி கிடைத்த மாதிரி ஸ்டியரிங்கை ஆட்டும். வீல் முன்னதைவிடக் கனமாக இருந்தால் இன்னும் கூடும்.

பழைய தேய்மானமும் இப்போதுதான் வெளியே வரும். ஜாக்கியில் ஏற்றி, வீலைக் கடிகாரத்தின் 9, 3 இடங்களில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடக்கென்றால் டை ராட் எண்ட். 12, 6 இடங்களில் ஆட்டம் என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று கடப்பாரையால் நெம்பித்தான் தெரியும். புது வீல் இவற்றைக் கெடுக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

அலைன்மென்ட் செய்தால் போய்விடுமா?

போகாது. அலைன்மென்ட் தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபக்கமாகத் தேயும். உதறலுக்கு அது மருந்தல்ல. வீல் மாற்றியபின் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லதுதான், வேறு காரணத்துக்காக.

மாட்டிய புதிதில் ஒன்றுமில்லை. சில ஆயிரம் கி.மீ. கழித்து பிரேக் பிடித்தால் உதறுகிறது. வீலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நட்டுகளை ஏற்றத்தாழ்வாக, அளவுக்கு மீறி இறுக்கினால் டிஸ்க் மிக நுண்ணிய அளவில் கோணலாகும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கோணலே போதும்: ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பேடு டிஸ்க்கின் ஒரே இடத்தை உரசி உரசி அங்கே தடிமன் குறையும். அப்புறம் பிரேக் மிதி துடிக்கும். நட்டைத் தளர்த்திச் சரியாக இறுக்கினாலும் தேய்ந்த தடிமன் திரும்பாது. டிஸ்க்கைக் கடையவோ மாற்றவோ வேண்டும்.

பழைய வீலையே மறுபடி போடப்போகிறேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

இரண்டு விஷயம். ஹப் ரிங் புது வீலோடு கழன்று வராமல் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். கவனிக்காமல் கம்பெனி வீலை அதன் மேல் வைத்து இறுக்கினால் வீல் படியாது, ஏர் கன்னால் அடித்தால் வளையம் நொறுங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். விரலை விட்டுத் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். நட்டும் பழையதாக இருக்க வேண்டும். புது வீலுக்கு வாங்கிய கூம்பு நட்டு கம்பெனி வீலின் உருண்டைக் குழியிலோ தட்டைக் குழியிலோ நிற்காது. பழைய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, எந்த வண்டிக்குரியது என்று எழுதி டிக்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஸ்டெப்னி வீலை நடுவழியில் மாட்டவும் அந்த நட்டுகள்தான் வேண்டும்.